கிட் இக்னோர் வரி வேலை செய்யலையா? கேளுங்க, சொல்றேன்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் கிட் (கோப்புகளின் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் மென்பொருள்) பழகுகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. கிட் எந்தக் கோப்புகளை ஒதுக்கணும் என்று வரி வரியாக எழுதும் பட்டியல்தான் இக்னோர் கோப்பு. கட்டளைகளைத் தமிழில் எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

தோட்ட ஆபீஸ் கிராணி: அண்ணே, செம்பனை லாரி எடைக் கோப்புகளை ஒதுக்க `எடை[0-9.லாக்` என்று எழுதினேன். பிழையே வரலை. ஆனா ஸ்டேட்டஸ்ல (புதுசா வந்த, மாறின கோப்புகளின் பட்டியல்ல) எல்லாமே வந்து நிக்குது.

தம்பி, திறந்த அடைப்பை மூடலை. `எடை[0-9].லாக்` என்று இருக்கணும். மூடாத அடைப்பு எந்தக் கோப்போடும் பொருந்தாது, கிட் அதைச் சொல்லவும் செய்யாது. வரி கடைசியில் தனியா ஒரு `\` நின்றாலும் இதே கதிதான். `கிட் செக்-இக்னோர் -வி` என்று போட்டுக் கோப்பின் பெயரைக் கொடுங்க. எந்த இக்னோர் கோப்பில் எத்தனையாவது வரி பிடித்தது என்று காட்டும். கிட்டில் இன்னும் பதிவாகாத கோப்புக்கு ஒன்றும் வரலைன்னா எந்த வரியும் பிடிக்கலைன்னு அர்த்தம். வரியை எழுதின கையோட இதைப் பார்த்துடுங்க.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை: `வகுப்பு[அஆ].பிடிஎஃப்` என்று எழுதினேன், அடைப்பும் சரியா இருக்கு, பிடிக்கலையே?

டீச்சர், நம்ம எழுத்தை வைத்து வேலை செய்கிற எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டியது இது. கிட் எழுத்தைப் பார்ப்பதில்லை, பைட்டைப் பார்க்குது. கம்ப்யூட்டர் எழுத்தைப் பைட் என்ற சிறு அலகுகளாகச் சேமிக்கும். அப்படிச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 'அ' 3 பைட். சதுர அடைப்பும் `?` குறியும் ஒரு பைட்டைத்தான் பிடிக்கும், அதனால் தமிழ் எழுத்துக்கு இரண்டும் உதவாது. `வகுப்பு*.பிடிஎஃப்` போடுங்க, இல்லைன்னா அ-வுக்கு ஒரு வரி, ஆ-வுக்கு ஒரு வரி. 'க'வில் தொடங்கும் கோப்பை ஸ்டேட்டஸ் `\340\256\225` என்று எண்களாகக் காட்டும். அதை அப்படியே இக்னோர் கோப்பில் ஒட்டினால் பிடிக்காது. `கோர்.கோட்பாத்` அமைப்பை ஃபால்ஸ் ஆக்குங்க, தமிழ்ப் பெயர் தமிழாகவே தெரியும்.

பாலிடெக்னிக் மாணவர்: மெர்க்யூரியல்ல (கிட் மாதிரி இன்னொரு மென்பொருள்) இக்னோர் கோப்புல `*.லாக்` போட்டேன். செல்லாத வடிவம் என்று சொல்லி நின்னுடுச்சு. கிட்ல இதே வரி ஓடுதே?

மெர்க்யூரியலில் இயல்பா இருப்பது ரெஜெக்ஸ் என்கிற வேறொரு எழுத்துமுறை. அதில் `*` முதலில் வரக்கூடாது. மேலே `சிண்டாக்ஸ்: குளோப்` என்று ஒரு வரி சேருங்க, கிட்ல மாதிரியே `*` வேலை செய்யும். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு மெர்க்யூரியல் நடந்துக்கிற விதம்தான் பிடிக்கும். வேலையை நிறுத்திச் சொன்னால், ரகசியக் கோப்பு தெரியாமல் கமிட்டுக்குள் (பதிவுக்குள்) போகாது.

அதே மாணவர்: விண்டோஸ் பவர்ஷெல்ல `எக்கோ` போட்டு உண்டாக்கின இக்னோர் கோப்பு ஒரு வரிகூட வேலை செய்யலை.

பழைய 5.1 பதிப்பு யுடிஎஃப்-16 என்ற வேறு முறையில் எழுதும், கிட் அதைப் புரிஞ்சுக்காது. எடிட்டரில் திறந்து யுடிஎஃப்-8 ஆக்கிச் சேமிங்க.

கிராணி மறுபடியும்: வரியைத் திருத்திட்டேன், செக்-இக்னோர்தான் ஒண்ணும் காட்டலை.

அந்தக் கோப்பு முன்னமே கமிட் ஆகியிருக்கும், அப்படிப்பட்ட கோப்பை இக்னோர் வரி ஒதுக்காது. `கிட் ஆர்எம் --கேஷ்ட்` போட்டுப் பெயரைக் கொடுத்து, ஒரு கமிட் பண்ணுங்க. உங்க கம்ப்யூட்டரில் கோப்பு அப்படியே இருக்கும்.