பிள்ளைங்கள ஸ்கூல்ல இருந்து மியூசியத்துக்கு கூட்டிட்டு போறதுல நிஜமாவே பயன் இருக்கா, இல்ல ஒரு நாள் கிளாஸ் வேஸ்ட்டா?

இதே கேள்விய சில வருஷம் முன்னாடி என்கிட்ட கேட்டிருந்தா வேஸ்ட்தான்னு சொல்லியிருப்பேன், நானே டீச்சரா இருந்துகிட்டு. ஏன்னா நான் முதல்ல கூட்டிட்டு போன ட்ரிப் அப்படி. 3 மாடி, 2 மணி நேரம், ஒவ்வொருத்தர் கையிலயும் 24 கேள்வி உள்ள ஒர்க்‌ஷீட், அதுவும் நானே ராத்திரி உக்காந்து ஆசையா தயார் பண்ணது. பிள்ளைங்க என்ன பண்ணாங்கன்னா பொருள யாருமே பாக்கல, பதில் எந்த லேபிள்ல இருக்குன்னு தேடி ஓடினாங்க, ஒருத்தன் கண்டுபிடிச்சா பத்து பேர் அவன் முதுகுல பேப்பர வச்சு காப்பி அடிச்சாங்க. யாரும் தொலைஞ்சு போகலங்கறது மட்டும்தான் அன்னிக்கு என்னோட சாதனை.

அடுத்த வருஷம் ஜெராக்ஸ் மெஷின் மக்கர் பண்ணிடுச்சு, ஒர்க்‌ஷீட் இல்லாமலே கிளம்பிட்டோம். அதான் நல்லதா போச்சு. கற்கால கைக்கோடாரி வச்சிருந்த கண்ணாடிப் பெட்டி கிட்ட ஒரு பையன் நின்னவன் நின்னவன்தான், நகரவே இல்ல. கிளாஸ்ல வாயே திறக்க மாட்டான், இடது கையால எழுதுறவன். "மிஸ், இத செஞ்சவங்க ரைட் ஹேண்டா லெஃப்ட் ஹேண்டா?"ன்னு கேட்டான். தெரியலடான்னு சொன்னேன், வேற என்ன சொல்ல. பக்கத்துல இருந்த மியூசியம் ஊழியர் ஒருத்தர் இத கேட்டுட்டு உள்ள போய், தொட்டுப் பாக்கறதுக்குன்னே வச்சிருக்கிற மாடல் கல் ஒண்ண எடுத்துட்டு வந்தாங்க. அவ்வளவுதான், எல்லாரும் வரிசையில நின்னு இடது கையில ஒரு தடவை வலது கையில ஒரு தடவைன்னு பிடிச்சுப் பாத்து சண்டை போட்டுக்கிட்டாங்க. அரை மணி நேரம் அங்கயே போச்சு, மேல ரெண்டு மாடி பாக்கவே இல்ல.

வீட்டுக்கு வந்து தேடிப் பாத்தா, நிக்கோலஸ் டாத்னு ஒரு தொல்லியல் ஆய்வாளர் 1985ல இதே கேள்விக்குத்தான் கட்டுரை எழுதியிருக்கார்! கென்யாவுல கூபி ஃபோராங்கிற இடத்துல கிடைச்ச, 14 லட்சம் வருஷத்துக்கும் மேல பழைய கல் சில்லுகள வச்சு. ஒரு கையில கல்ல பிடிச்சு திருப்பிக்கிட்டே இன்னொரு கையால தட்டும்போது, உடைஞ்சு விழுற சில்லுல கல்லோட பழைய மேல்தோல் எந்தப் பக்கம் ஒட்டியிருக்குன்னு பாத்தா எந்தக் கைக்காரங்கன்னு ஊகிக்கலாம்ங்கறது அவர் வாதம், வலது கைக்காரங்க கொஞ்சம் அதிகம்னு சொன்னார். அந்த முறை சரியில்லன்னு எதிர்த்து எழுதினவங்களும் இருக்காங்க. அத மறுநாள் கிளாஸ்ல சொன்னப்ப அந்தப் பையன் முகத்த பாக்கணுமே. ஆராய்ச்சிக்காரங்க மண்டைய உடைச்சுக்கிட்ட கேள்விய அவன் ஒரு பெட்டி முன்னாடி நின்னு தானா கேட்டிருக்கான். என் 24 கேள்வில ஒண்ணு கூட இதுக்கு பக்கத்துல வராது.

சரி, இது ஒரு பையன் கதை, எல்லாருக்கும் அப்படியான்னு கேப்பீங்க. அமெரிக்காவுல ஆர்கன்சா மாநிலத்துல கிரிஸ்டல் பிரிட்ஜஸ்னு ஒரு ஓவிய மியூசியம் 2011ல திறந்தாங்க. கூட்டிட்டு வாங்க, செலவு எங்களதுன்னதும் ஸ்கூல்கள் குவிஞ்சிடுச்சு, எல்லாருக்கும் இடம் இல்ல. அதனால குலுக்கல் போட்டு சிலர முதல்ல, சிலர அப்புறம்னு கூப்பிட்டாங்க, ஆர்கன்சா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த ரெண்டு குரூப்பயும் ஒப்பிட்டாங்க, கிட்டத்தட்ட 11,000 பிள்ளைங்க, 123 ஸ்கூல். போய் சில வாரம் கழிச்சு கேட்டா, ஒரு ஓவியத்துல மேப்பிள் சிரப் (மேப்பிள் மரச் சாறுல செய்யுற இனிப்புப் பாகு) ஏன் காய்ச்சுறாங்க, அடிமைகள வச்சு விளைவிச்ச சர்க்கரைய புறக்கணிச்சவங்களுக்கு அதுல என்ன சம்பந்தம்ங்கறது 88 சதவீதம் பேருக்கு ஞாபகம் இருந்திருக்கு. பரீட்சைக்குன்னு யாரும் படிக்க சொல்லல. புதுசா ஒரு ஓவியத்த காட்டி எழுத சொன்னப்பவும் போயிட்டு வந்தவங்க இன்னும் கவனிச்சு எழுதியிருக்காங்க.

இதுல எனக்கு முக்கியமா பட்டது என்னன்னா, கிராமத்து ஸ்கூல் பிள்ளைங்களுக்கும் வசதி குறைஞ்ச பிள்ளைங்களுக்கும்தான் பலன் அதிகமா தெரிஞ்சிருக்கு. யோசிச்சா நியாயம்தான். அப்பா அம்மாவே லீவு நாள்ல கூட்டிட்டு போற பிள்ளைக்கு இது இன்னொரு மியூசியம். அந்த மாதிரி வாய்ப்பே இல்லாத பிள்ளைக்கு ஸ்கூல் கூட்டிட்டு போனாதான் உண்டு. பாடம் முடியலன்னு ட்ரிப்ப கேன்சல் பண்றவங்க இத கொஞ்சம் யோசிக்கணும்.

ஆனா சும்மா பஸ் ஏத்தி இறக்கினா ஒண்ணும் ஆகாது. பழக்கமே இல்லாத இடத்துக்கு போனா பிள்ளைங்க முதல்ல இடத்தத்தான் பாப்பாங்க, படிக்கட்டு, பாத்ரூம், கூரை எல்லாம். ஜான் ஃபால்க்னு ஒருத்தரும் அவர் கூட இருந்தவங்களும் 1978லயே இத ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காங்க. அதனால நான் இப்ப முதல் நாளே மியூசியம் மேப்ப கிளாஸ்ல காட்டிடுவேன், போனதும் பத்து நிமிஷம் சும்மா சுத்த விட்டுடுவேன். பெரியவங்களுக்கே நடந்து குனிஞ்சு பாத்து சலிச்சுடும், அதுக்கு "மியூசியம் களைப்பு"ன்னே பேர் வச்சு பெஞ்சமின் கில்மன்ங்கறவர் 1916லயே போட்டோவோட கட்டுரை போட்டிருக்கார், அப்புறம் பிள்ளைங்க உக்காந்துட்டா ஏன் திட்டணும்? நாலே நாலு பொருள், மீதி அடுத்த வருஷம்.

போன் விஷயம் தனி தலைவலி. லிண்டா ஹென்கெல்னு ஒரு உளவியல் பேராசிரியை மியூசியத்துலயே சோதிச்சுப் பாத்தாங்க, முழுப் பொருளையும் போட்டோ எடுத்தவங்களுக்கு சும்மா பாத்தவங்கள விட ஞாபகம் கம்மி, ஆனா ஒரு பகுதிய மட்டும் ஜூம் பண்ணி எடுத்தா அந்த குறை இல்ல. அதனால போனுக்கு தடை போடல, ஒரு பொருளுக்கு ஒரு போட்டோ, அதுவும் உனக்கு வினோதமா பட்ட மூலைய மட்டும்னு சொல்லியிருக்கேன்.

இதெல்லாம் வீடியோவுல காட்டினா போதாதான்னு சில பெற்றோர் கேக்கறாங்க. லண்டன் இயற்கை வரலாற்று மியூசியத்துல 2017ல இருந்து நீலத்திமிங்கல எலும்புக்கூடு ஒண்ணு தொங்குது, 25.2 மீட்டர், நாம போற பஸ்ஸ விட ரெண்டு மடங்கு நீளம். போன்ல அதுவும் ஒரு சாண், பல்லியும் ஒரு சாண். நாங்க போற மியூசியத்து திமிங்கலம் அவ்ளோ பெருசு இல்ல, ஆனாலும் அதுக்கு அடியில போய் நின்னதும் கத்திக்கிட்டு வந்த கும்பல் தானா அமைதியாச்சு, நான் ஒரு வார்த்தை சொல்லல.

இப்ப ஒர்க்‌ஷீட்ல ஒரே வரிதான், "கேக்கணும்னு தோணினத எழுது." போன ட்ரிப்ல அந்த திமிங்கலத்த பாத்து ஒருத்தி எழுதினது, "இதுக்கு தூசி தட்டுறது யாரு, எப்படி ஏறுவாங்க?" மியூசியத்துக்கு மெயில் போட்டிருக்கேன், பதில் இன்னும் வரல, அவ தினமும் வந்து கேட்டுட்டு போறா.