கடலோரத் தோட்டம்: உப்பு காற்றில் வருகிறதா, போர் தண்ணீரில் வருகிறதா?

கேள்வி: வேளாங்கண்ணிக்குத் தெற்கே, கடலிலிருந்து 200 மீட்டர் தள்ளி 18 சென்ட் மனையில் வீடு கட்டியிருக்கிறோம். மணல் பூமி, 70 அடி ஆழ்துளைக் கிணறு (போர்). மா, எலுமிச்சை, ரோஜா வைத்தோம். மாவில் கடலைப் பார்த்த பக்கம் மட்டும் இலை கருகுகிறது. எலுமிச்சையில் மரம் முழுக்க இலை நுனி காய்கிறது. மண் பரிசோதனை அட்டையில் ஈ.சி. (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன்) 0.4, உப்பு இல்லை என்று வந்திருக்கிறது. போர் தண்ணீரின் ஈ.சி. 3.4. உரக்கடையில் ஜிப்சம் போடச் சொல்கிறார்கள். வேதாரண்யத்தில் மா காய்க்கிறதே, இங்கே ஏன் வரவில்லை? உப்பைத் தாங்கும் செடிகள் எவை? முன்பக்கம் புல்தரை போடவும் ஆசை. (ஓய்வுபெற்ற ஆசிரியை, நாகப்பட்டினம் மாவட்டம்)

பதில்: வணக்கம் அம்மா. இலை கருகும் விதத்தை நன்றாகக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். பாதி பதில் அதிலேயே இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் கருகினால் உப்பு காற்றோடு வந்து இலையில் படிகிறது. மரம் முழுக்க, முதிர்ந்த இலையின் நுனியும் ஓரமும் காய்ந்தால் உப்பு வேர் வழியாக ஏறுகிறது. உங்கள் மாவுக்குக் கடலிலிருந்து வரும் கொண்டல் காற்று எதிரி, எலுமிச்சைக்குப் போர் தண்ணீர் எதிரி. 'உப்பைத் தாங்கும் செடிகள்' என்று ஊரில் சுற்றும் பட்டியல்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. அதை நம்பிச் செடி வாங்கினால் பணம்தான் வீண். முந்திரி கடற்கரை மணலில் சுகமாக வளரும். அதற்கே உப்புத் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றினால் நொந்துபோகும். பேரீச்சையோ கிட்டத்தட்ட எந்தப் பழமரத்தையும்விட உப்பு நீரைத் தாங்கும்.

மண் அட்டையைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். நம் ஆய்வகங்களில் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு நீர் கலந்து அளப்பது வழக்கம். வேரைச் சுற்றியுள்ள உண்மையான ஈரத்தில் உப்பு அதைவிடப் பல மடங்கு இருக்கும், மணலில் இன்னும் கூடும். பாசன நீரை வைத்துக் கணக்குப் போடுவது நல்லது. மிதமாக வடியும் நிலத்தில் வேர்ப்பகுதியின் உப்பு, பாய்ச்சும் நீரைப் போல ஒன்றரை மடங்கில் வந்து நிற்கும். உங்கள் 3.4 அங்கே 5 ஆகிவிடும். மகசூல் குறையாமல் வேர்ப்பகுதியில் பீன்ஸ் தாங்கும் ஈ.சி. 1.0, வெங்காயம் 1.2, மிளகாய் 1.5, தக்காளி 2.5, தட்டைப்பயறு 4.9. ஆகவே இந்தத் தண்ணீரில் காய்கறி என்றால் தட்டைப்பயறுதான். அதையும் மழை ஈரத்தில் விதையுங்கள், முளைக்கும் பருவத்தில் எந்தப் பயிரும் பலவீனம்தான்.

வேதாரண்யத்து மாவுக்கு ரகசியம் மணல் மேடுகளில் இருக்கிறது. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்பு நீரின்மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்தைவிட ஒரு அடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடிவரை நன்னீர் இருக்கும் என்பது பழைய கணக்கு. ஆழமாகத் துளைத்து வேகமாக இறைத்தால் அடியிலிருக்கும் உப்பு நீர் மேலே ஏறிவிடும். உங்கள் 70 அடி போரில் அதுதான் நடக்கிறதோ என்று சந்தேகிக்கிறேன். மோட்டார் போட்டவுடன் ஒரு பாட்டில், இரண்டு மணி நேரம் ஓடியபின் ஒரு பாட்டில் பிடித்து இரண்டையும் சோதியுங்கள். சிக்கலில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம். இரண்டாவது பாட்டிலில் உப்பு கூடியிருந்தால் ஆழம் குறைந்த உறை கிணறு ஒன்று இறக்கி, கொஞ்சம் கொஞ்சமாக இறையுங்கள். கூரை மழைநீரை அதன் அருகிலேயே மணலுக்குள் விடுங்கள். செடி வாங்கும் செலவைவிட இதற்குத்தான் முதலில் கை நீள வேண்டும்.

ஜிப்சம் வேண்டாம். அது களர் மண்ணுக்கு, அதாவது சோடியம் மண்துகளோடு ஒட்டி, கார அமில நிலை 8.5-க்கு மேல் போன இறுகிய நிலத்துக்கு மருந்து. மணலில் இருக்கும் வெறும் உப்பை நல்ல தண்ணீர்தான் கழுவும். ஒரு அடி ஆழ மண்ணில் அரை அடி நன்னீர் இறங்கினால் உப்பு பாதியாகும், ஒரு அடி இறங்கினால் ஐந்தில் நான்கு பங்கு போய்விடும். 2004 சுனாமியில் கடல்நீர் நின்ற நம் மாவட்டத்து வயல்கள் பலவற்றை மீட்டதில் பருவமழைக்குப் பெரும்பங்கு உண்டு. மணல் பூமியில் ஐப்பசி, கார்த்திகை மழை அந்த வேலையைச் சும்மாவே செய்கிறது.

இனி செடிகள். கடல் பக்க எல்லையில் சங்கங்குப்பியை வேலியாக வையுங்கள். குச்சி வெட்டி நட்டாலே பிடிக்கும், வெட்ட வெட்ட அடர்த்தியாகும், இலையின் கசப்புக்கு ஆடுமாடு சீண்டாது. அதற்குப் பின்னால் பூவரசு போத்து நடுங்கள், இடையிடையே புன்னை. புன்னை மெதுவாகத்தான் வளரும். ஆனால் அந்தத் தடித்த பளபளப்பான இலையில் உப்புச் சாரல் ஒன்றும் செய்யாது. இடம் இருந்தால் ஒரு தாழை, ஒரு நாட்டு வாதுமை. காற்றை முழுக்க அடைக்கும் மதில் சுவர் நல்லதல்ல. சுவரைத் தாண்டிய காற்று சுழன்று உள்ளே விழும். பாதி காற்றை வடிகட்டி விடும் செடி வரிசை, தன் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம்வரை ஓரளவு காக்கும்.

சவுக்கை எல்லாரும் சொல்வார்கள். உப்பைத் தாங்கும், தழைச்சத்தையும் நிலைநிறுத்தும், உண்மைதான். ஆனால் 18 சென்ட் மனைக்கு அது ஒத்துவராது. உதிர்ந்த சருகின் அடியில் மற்றது எழும்பாது. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்ததையும் பார்த்திருப்பீர்கள். தென்னை வைத்தாலும் வீட்டின்மேல் விழாத தூரத்தில் வையுங்கள். சீமைக் கருவேல் உப்பில் செழிக்கிறதே என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

இந்த வரிசை வளர்ந்தபின், அதன் மறைவில் சப்போட்டா, இலந்தை, கொடுக்காப்புளி வரும். மாதுளை நடுத்தரம், கிணறு சரியானால் வைக்கலாம். பூவுக்கு அரளி, காகிதப்பூ, நித்தியகல்யாணி. அரளி முழுச்செடியும் நஞ்சு, பேரப்பிள்ளைகள் இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள். ரோஜா பூக்களிலேயே உப்புக்கு மிகவும் பயந்தது. தொட்டியில் வைத்து மழைநீர் ஊற்ற முடிந்தால் மட்டும் ஆசைப்படுங்கள். எலுமிச்சைக்கும் அதே கதிதான். மாவை இப்போது வெட்ட வேண்டாம், வேலி எழும்பும்வரை கடல் பக்கம் கீற்றுத் தட்டி கட்டிவிடுங்கள்.

நடும்போது மாட்டு எரு போதும். கோழி எருவிலேயே உப்பு அதிகம். தென்னை நார்க்கழிவைக் கழுவாமல் போட்டால் அதுவும் உப்பைச் சேர்க்கும். பொட்டாஷ் கொடுத்தால் மியூரியேட் வேண்டாம், அதில் குளோரைடு இருக்கிறது. சல்பேட் ஆஃப் பொட்டாஷ் வாங்குங்கள். போர் தண்ணீரை இலைமேல் தெளிக்காதீர்கள். புயல் காற்று அடித்து மழை வராமல் போனால் மட்டும் நல்ல தண்ணீரால் இலையைக் கழுவிவிடுங்கள். சொட்டுநீர் போடுவதாக இருந்தால் ஒரு சங்கதி: ஈரவட்டத்தின் ஓரத்தில் உப்பு வெள்ளையாக ஒதுங்கி நிற்கும். கோடைத் தூறல் அதை வேருக்குள் தள்ளிவிடும். தூறும்போதுதான் மோட்டாரை ஓடவிட வேண்டும், பார்ப்பவர்கள் சிரித்தாலும்.

புல்தரைக்கு அருகம்புல்லே போதும், வேர்ப்பகுதி ஈ.சி. 6.9 வரை அசையாது. மனைக்கும் கடலுக்கும் நடுவில் மணல் மேடு இருந்து, அதில் அடப்பங்கொடியும் ராவணன் மீசையும் படர்ந்திருந்தால் அழகுக்காக அதைச் சுரண்டிச் சமன் செய்யாதீர்கள். உங்கள் நன்னீரைத் தாங்கி நிற்பது அந்த மேடுதான்.