நீல ரிப்பனும் ஜாம் பாட்டிலும்

அன்புள்ள அண்ணா,

அக்டோபரில் நண்பனோடு ஒரு மாலை ஒன்டாரியோவின் சிம்கோ ஊருக்குப் போயிருந்தேன், நார்ஃபோக் கவுண்டி ஃபேர் என்னும் விவசாயக் கண்காட்சியைப் பார்க்க. ராட்டினம், பஞ்சுமிட்டாய், கார்களை மோதி நொறுக்கும் டெர்பி என்று நன்றாகத்தான் பொழுது போனது. பாட்டில் கழுத்தில் வளையம் எறியும் கடையில் 20 டாலர் விட்டேன். அது ஏமாற்றுதானே? ஆனால் எழுத வந்தது வேறு. நண்பன் தான் செய்த ஸ்ட்ராபெரி ஜாமைப் போட்டிக்குக் கொடுத்திருந்தான். பரிசு இல்லை. 'ஹெட்ஸ்பேஸ் அதிகம், பழம் மிதக்கிறது' என்று ஓர் அட்டை மட்டும். நீல ரிப்பன் வாங்கிய பாட்டிலையும் பார்த்தேன், பிரமாதமாக ஒன்றுமில்லை. ருசிகூடப் பார்க்காமல் இப்படி எழுதலாமா? அவன் முகம் விழுந்துவிட்டது. ஊர் கூடிச் சந்தோஷப்படும் இடத்தில் மதிப்பெண் எதற்கு? இனிமேல் கொடுக்காதே என்று அவனிடம் சொல்லிவிடட்டுமா?

அன்புடன்,
ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

வளையக் கடையை முதலில் முடித்துவிடுவோம். வளையத்தின் உள்விட்டம் பாட்டில் வாயைவிடக் கொஞ்சம்தான் பெரிது. கடினமான பிளாஸ்டிக் கண்ணாடியில் பட்டால் துள்ளத்தான் செய்யும். அந்தக் கடைகளும் ராட்டினங்களும் ஊர் ஊராகப் போகும் கேளிக்கை நிறுவனங்களுடையவை. ஃபேரை நடத்துவது விவசாயச் சங்கம். போன 20 டாலர் போனதுதான்.

அடுத்தது நீல ரிப்பன். அமெரிக்காவில் அது முதல் பரிசு. கனடாவில் முதல் பரிசு சிவப்பு, இரண்டாவது நீலம், மூன்றாவது வெள்ளை. இரண்டாம் பரிசைப் பார்த்துவிட்டு நடுவரோடு சண்டைக்குக் கிளம்பியிருக்கிறாய். சிவப்பு கட்டிய பாட்டில் அதே அலமாரியில்தான் இருந்திருக்கும். அதை வெளிச்சத்துக்கு எதிரே வைத்துப் பார்த்திருந்தால் உன் கடிதம் பாதியாகக் குறைந்திருக்கும்.

இப்போது அந்த அட்டை. இந்தப் பதிலை எழுதுவதே அதற்காகத்தான். ஃபேருக்குப் போகிற நம் ஆட்கள் இருட்டிய பிறகு போகிறார்கள், விளக்கைப் பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், திரும்பிவிடுகிறார்கள். காட்சிக் கூடத்துக்குள் நுழைகிற சிலரும் ரிப்பனின் நிறத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அட்டையைப் படிப்பவர்கள் அபூர்வம். கொஞ்ச நாளாகவே இது மனதை அரித்துக்கொண்டிருந்தது. நீ படித்திருக்கிறாய், அதற்கு உன்னைப் பாராட்ட வேண்டும். படித்துவிட்டுக் கோபித்துக்கொண்டாயே, அதுதான் பொறுக்கவில்லை.

ஹெட்ஸ்பேஸ் என்பது ஜாமின் மேல்மட்டத்துக்கும் பாட்டில் விளிம்புக்கும் நடுவே விடும் இடம். ஜாமுக்கு அது கால் அங்குலம், ஏறத்தாழ 6 மில்லிமீட்டர். பழத்துண்டுகளுக்கும் தக்காளிக்கும் ஊறுகாய்களுக்கும் பொதுவாக அரை அங்குலம். இறைச்சி, பீன்ஸ் மாதிரி பிரஷர் கேனரில் (பாட்டில்களை நீராவி அழுத்தத்தில் சூடாக்கும் பாத்திரம்) வைப்பவற்றுக்கு ஓர் அங்குலம். இது அழகுக்கான அளவு இல்லை. நிரப்பிய பாட்டிலைக் கொதிநீரில் மூழ்க வைக்கும்போது மேலே நிற்கும் காற்று விரிந்து, தட்டு மூடியின் அடியில் புகுந்து வெளியேறுகிறது. எடுத்து ஆறவைக்கும்போது உள்ளே இருக்கும் ஆவி சுருங்கி மூடியைக் கீழே இழுக்கிறது, 'டொக்' என்று சத்தம் கேட்கும். இடம் அதிகம் விட்டால் ஜாமுக்கான 10 நிமிடத்தில் காற்று முழுக்க வெளியேறாது. மிச்சமிருக்கும் ஆக்சிஜன் ஜாமின் மேல்தட்டைப் பழுப்பாக்கும், மூடியின் பிடியும் தளரும். குறைவாக விட்டாலும் தொல்லைதான். ஜாம் பொங்கி விளிம்பில் ஒட்டும், ஒட்டிய இடத்தில் மூடி பதியாது.

உன் நண்பன் ஏன் அதிகம் விட்டான்? என் ஊகம் இது. நம் வீட்டு ஊறுகாய் ஜாடியில் மேலே எண்ணெய் நிற்கத் தாராளமாக இடம் விடுவோம். அங்கே காற்றைத் தடுப்பது எண்ணெய். ஜாம் பாட்டிலில் தடுப்பது வெற்றிடம். முதலாவதில் காலியிடம் தேவை, இரண்டாவதில் அதுவே எதிரி. கை பழகிய அளவிலேயே ஊற்றியிருப்பான். (அதற்காக அடுத்த வருடம் எண்ணெய் ஊறுகாயை இந்தப் பாட்டிலில் அடைத்துக் கொடுக்கத் தோன்றும், வேண்டாம். விளிம்பில் எண்ணெய் பட்டால் மூடியின் ரப்பர் பூச்சு சரியாகப் பிடிக்காது.)

ருசி பார்க்கவில்லை என்கிறாய். மூடியின் மேல் சந்தேகம் வந்த பாட்டிலை எந்த நடுவர் வாயில் வைப்பார்?

மதிப்பெண் எதற்கு என்று கேட்டாய் அல்லவா? மதிப்பெண்தான் முதலில் வந்தது, ராட்டினம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. 1792இல் நயாகரா பக்கம் மேல் கனடாவின் (இன்றைய ஒன்டாரியோ) முதல் விவசாயச் சங்கம் தொடங்கியபோது அதன் புரவலர் லெப்டினன்ட் கவர்னர் சிம்கோ, நீ போன ஊரின் பெயரில் இருப்பவர். 1830இல் ஒரு சட்டம் வந்தது. ஒரு மாவட்டச் சங்கம் 50 பவுண்டு திரட்டினால் அரசு 100 பவுண்டு கொடுக்கும். நல்ல விதையும் நல்ல கால்நடையும் பரவ வேண்டும் என்பதற்காகக் கொடுத்த பணம் அது. நார்ஃபோக் ஃபேர் 1840இல் தொடங்கியது. பக்கத்துப் பண்ணைக்காரனின் மாடு ஏன் தன் மாட்டைவிட மேல் என்று ஒருவன் நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ள அன்றைக்கு வேறு வழி அதிகமில்லை.

அந்த வழக்கம் இன்றும் உயிரோடு இருக்கும் இடம் மாட்டு வளையம், அதாவது போட்டிக்கு வந்த மாடுகளை நடத்திக் காட்டும் களம். பகலில் போயிருந்தால் பார்த்திருப்பாய். நடுவர் மாடுகளை வரிசைப்படுத்திவிட்டு மைக்கை எடுத்து, முதல் மாட்டை இரண்டாவதுக்கு மேல் ஏன் வைத்தேன், இரண்டாவதை மூன்றாவதுக்கு மேல் ஏன் வைத்தேன் என்று எல்லோர் முன்னிலும் காரணம் சொல்வார். மடி எப்படிப் பொருந்தியிருக்கிறது, பின்னங்கால் எப்படி நிற்கிறது, முதுகு நேராக இருக்கிறதா என்று. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பன்னிரண்டு வயதுப் பெண் கடைசி இடத்துக்கான காரணத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பாள். உன் நண்பனுக்கு அதுவே அட்டையில், யாருக்கும் கேட்காமல் வந்தது. இதற்கா முகம் விழுகிறது?

ஜாம் பகுதியின் தீர்ப்பு பெரும்பாலும் கதவு திறக்கும் முன்பே முடிந்துவிடும், அதைப் பார்க்க முடியாது. அதனால்தான் அட்டையைப் படி என்கிறேன்.

பழம் மிதந்தது சமையல் கோளாறு. துண்டுகள் பெரிதாக இருந்திருக்கும், சர்க்கரை உள்ளே இறங்கும் முன் பாட்டிலில் ஊற்றியிருப்பான். ஒன்டாரியோவில் ஸ்ட்ராபெரி ஜூனில் வரும். அவனிடம் இதைச் சொல். ஒரு கிலோ பழத்தில் கால் பங்கு முழுக்கப் பழுக்காததாக இருக்கட்டும். ஸ்ட்ராபெரியில் ஜாமை இறுகவைக்கும் பெக்டின் குறைவு, காய்ப்பதம் அதை ஈடுகட்டும். மசித்து, 750 கிராம் சர்க்கரையும் மூன்று மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறும் சேர்த்து, அகலமான பாத்திரத்தில் 104 டிகிரி செல்சியஸ் வரும்வரை கொதிக்கவிட வேண்டும். அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் மெதுவாகக் கிளறி நுரையை எடுத்தால் பழம் மிதக்காது. இருமடங்கு செய்கிறேன் என்று ஒரே பாத்திரத்தில் கொட்ட வேண்டாம், கொதி நீண்டு நிறம் கறுக்கும், பதமும் கெடும்.

சூடான பாட்டிலில் 6 மில்லிமீட்டர் விட்டு ஊற்றி, விளிம்பை ஈரத்துணியால் துடைத்து, புது மூடி வைக்கட்டும். திருகு வளையத்தை விரல் நுனியால் இறுக்கினால் போதும். பலம் போட்டால் காற்று வெளியேற வழியில்லாமல் மூடி வளைந்துவிடும். பாட்டிலுக்கு மேல் ஓர் அங்குலம் நீர் நிற்க, 10 நிமிடம் கொதி. 24 மணி நேரம் அசைக்கக் கூடாது. மெழுகு ஊற்றி மூடுகிற பழைய முறையைப் பார்த்துவிட்டு வந்தால் நீயே தடுத்துவிடு. நான்கு பாட்டில் செய்யச் சொல், நிறத்திலும் மட்டத்திலும் சிறந்ததைக் கொடுக்கலாம். துருப்பிடித்த வளையத்தோடு போனால் மறுபடி ஒரு அட்டை வரும்.

பரிசுப் புத்தகம் ஃபேருக்கு வெகு முன்பே வெளிவரும். எந்தப் போட்டிப் பிரிவுக்கு எந்த அளவு பாட்டில், லேபிளில் என்ன எழுத வேண்டும், பதிவுக்குக் கடைசி நாள் எது என்பதெல்லாம் அதில் இருக்கும். கொடுக்காதே என்று அவனிடம் சொல்வதற்குப் பதில் நீயும் ஏதாவது ஒன்றில் பெயர் கொடு. ஜாம் வேண்டாம், உனக்குப் பொறுமை போதாது. உருளைக்கிழங்கு ஒரு தட்டு வை. ஒரே அளவு, ஒரே வடிவம், பச்சை நிறம் ஏறாதது, புத்தகம் கேட்கும் எண்ணிக்கையில். கழுவித் தொலைக்காதே, தோல் மங்கிவிடும். காயவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் மண்ணைத் தட்டினால் போதும்.