ஆண் மீனைத் திட்டாதீர்கள், கரண்ட்டைப் பாருங்கள்

உங்கள் தொட்டியில் பிரிசில்நோஸ் (கெளுத்தி வகை மீன், முட்டைகளைக் காப்பது ஆண்தான்) ஆண் இரண்டாவது தடவையாக ஆரஞ்சு முட்டைகளைக் குகையிலிருந்து வெளியே தள்ளிவிட்டது என்றீர்கள். பெரும்பாலும் அதன் தப்பில்லை அண்ணே, நம்ம யாங்கோனில் மணிக்கணக்காகக் கரண்ட் போய் பம்ப் நின்றால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், ஆண் மீன் முட்டைகளைத் துடுப்பால் விசிறி விசிறிப் பார்த்துவிட்டுக் கைவிட்டுவிடும் (முதல் முறை அப்பாவாகும் ஆணும் இப்படிச் சொதப்புவதுண்டு). என் தொட்டியிலும் நடந்தது. முட்டைக் கொத்தைச் சின்ன வலைப்பெட்டியில் போட்டு அதே தொட்டியில் தொங்கவிடுங்கள், பக்கத்தில் பேட்டரி ஏர் பம்ப்பின் குமிழி மெதுவாக ஓடட்டும்; வெள்ளையாகப் பூஞ்சை பிடித்ததை அன்றன்றே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மற்றதற்கும் பரவும். 26 டிகிரியில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் பொரியும். குஞ்சுகளின் வயிற்றிலுள்ள மஞ்சள் கரு தீரும்வரை தீனி வேண்டாம், அப்புறம் வேகவைத்த சுரைக்காய்த் துண்டு போடுங்கள்.