இருவருக்கு மட்டும் படகு: 480 வெள்ளி கொடுக்கலாமா?

கேள்வி: எங்களுக்குத் திருமணமாகி 10 ஆண்டு ஆகிறது. அந்த நாளில் கணவரைச் சிங்கப்பூரின் உபின் தீவுப் பக்கம் தூண்டில் போட அழைத்துப்போக நினைக்கிறேன். இருவருக்குமே இது புதிது. ஒரு வழிகாட்டி, நாங்கள் மட்டும் போக நான்கு மணி நேரத்துக்கு 480 வெள்ளி கேட்கிறார். முழுத் தொகையையும் இப்போதே பேநவ்வில் (கைப்பேசிவழிப் பணப் பரிமாற்றம்) அனுப்ப வேண்டுமாம். "கொடுவா மீன் நிச்சயம்" என்கிறார். இன்னொருவர் 300 வெள்ளிதான் கேட்கிறார், ஆனால் படகில் வேறு நால்வரும் வருவார்கள். எதை எடுப்பது?
- ஈசூன் வாசகி

பதில்: இருவர் மட்டும் போகும் படகையே எடுங்கள். ஆனால் அவர் கேட்கிறபடி பணம் கட்ட வேண்டாம்.

சதுப்புநிலக் கரையோரத்தில் கண்டல் மர வேரை ஒட்டித் தூண்டில் வீச வேண்டும். கொஞ்சம் தவறினாலும் சிப்பி அப்பிய வேரில் தங்கூசி (தூண்டில் நரம்பு) உரசி அறுந்துவிடும். என்னைக் கூட்டிப்போன வழிகாட்டி அடிக்கடி தங்கூசியின் நுனியை விரல் நகத்தால் நீவிப் பார்ப்பார். சொரசொரப்பு தட்டினால் அங்கேயே வெட்டி, மறுபடி முடிச்சுப் போடுவார். ஆறு பேர் ஏறிய படகில் புதியவர்களுக்கு இந்தக் கவனிப்பு கிடைக்காது. நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் 180 வெள்ளி இதற்குத்தான்.

அடுத்து நேரம். அன்றைக்கு நீர் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று கேளுங்கள். நீர் வற்றத் தொடங்கும்போது கண்டலுக்குள் இருந்த இறாலும் குஞ்சு மீனும் ஓடைவாய் வழியே வெளியே வரும். கொடுவா அங்கேதான் காத்துக்கிடக்கும். முழுக்க வற்றிவிட்டால் வெறும் சேறு, படகு நுழையாது. எந்தத் தேதி கேட்டாலும் "காலை ஏழு மணி" என்று ஒரே பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குள் போகலாம் என்று சொன்னாலும் அப்படியே. அங்கே மீன்பிடிக்கத் தடை.

மீன் நிச்சயம் என்று யாராலும் சொல்ல முடியாது. கிடைக்காவிட்டால் என்ன தருவார் என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். பொய் வாக்குறுதி தந்து விற்பது சட்டப்படி தவறுதான், ஆனால் வாய்ப்பேச்சை நிரூபிப்பது கஷ்டம்.

சரி, பணம். மூன்றில் ஒரு பங்கு முன்பணம், மீதி படகுத்துறையில் என்று பேசுங்கள். மழைக்கும் இப்போதே ஒரு முடிவு வேண்டும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ரா காற்று இடிமழையோடு திடீரென்று அடிக்கும். மின்னல் வெட்டும்போது கார்பன் தூண்டில் கம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இருப்பது ஆபத்து. பயணம் ரத்தானால் வேறு தேதியா, பணமா என்பதும் எழுத்தில் இருக்கட்டும். பிறகு தர மறுத்தால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். சிறு கோரல்கள் நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான வழக்கை எடுத்துக்கொள்ளும், வழக்கறிஞர் தேவையில்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

படகுக்குக் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் உரிமம் இருக்கிறதா என்று கேட்கத் தயங்காதீர்கள். ஜொகூர் நீரிணையில் எல்லை தாண்டினால் மலேசியக் கடல், அதையும் அறிந்தவராக இருக்க வேண்டும். உயிர்காப்புச் சட்டை உங்கள் இருவருக்கும் சரியாகப் பொருந்துகிறதா என்று கிளம்பும் முன்னே போட்டுப் பாருங்கள்.

அப்புறம், மீசை வைத்த மீன் சிக்கினால் கணவர் ஆசையாகக் கை நீட்டுவார், விடாதீர்கள். அது செம்பிலாங் என்ற கெளுத்தி வகையாக இருக்கலாம், அதன் முள்ளில் விஷம் உண்டு. கொக்கியை வழிகாட்டியே கழற்றட்டும்.