திரை எழுத்துக்கு எதற்கு விருது?

அன்புள்ள ஐயா,

கேரள அரசின் திரைப்பட விருதுப் பட்டியலில் சிறந்த நடிகர், இயக்குநரோடு சினிமா பற்றிய சிறந்த நூலுக்கும் கட்டுரைக்கும் விருது இருக்கிறது. படம் எடுப்பவன் வியர்வை சிந்துகிறான். உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதுபவனுக்கு எதற்கு அரசுப் பணம்? நூல் என்றால் சாகித்ய அகாதமி பார்த்துக்கொள்ளட்டுமே.

ஆர்., திருப்பூர்

அன்புள்ள ஆர்.,

மலையாள சினிமாவில் வாழ்நாள் பங்களிப்புக்காக அந்த அரசு தரும் உயரிய விருது ஜே.சி. டேனியல் பெயரில் இருக்கிறது. 1992 முதல் கொடுக்கிறார்கள். டேனியல், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்துக்காரர். சொத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் ஸ்டூடியோ கட்டி, ‘விகதகுமாரன்’ என்ற முதல் மலையாள மௌனப் படத்தை எடுத்தார். அதில் நாயர் பெண்ணாக நடித்த பி.கே. ரோஸி ஒரு தலித் என்பதால் ஊரை விட்டே ஓட நேர்ந்தது. படமும் டேனியலைக் கடனில் தள்ளியது. அதன்பின் பல் மருத்துவம் பார்த்துப் பிழைத்தார். 1975இல் இறந்தபோது அவரை முன்னோடி என்று கொண்டாட அரசு இல்லை.

அவரைத் தேடிச் சென்று, அவர் செய்தது என்ன என்று விடாமல் எழுதியவர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் என்ற திரைப் பத்திரிகையாளர். அவர் எழுதியிராவிட்டால் அந்த விருதுக்கு வேறு யாருடைய பெயரையோ வைத்திருப்பார்கள். டேனியலின் கதையைச் சொல்லும் ‘செல்லுலாயிட்’ 2012ஆம் ஆண்டின் சிறந்த படமாக மாநில விருது பெற்றது. அதற்கும் கோபாலகிருஷ்ணனின் எழுத்து ஓர் ஆதாரம். இத்தனையும் உட்கார்ந்து எழுதிய ஒருவரால் நடந்தவை.

எல்லா எழுத்தாளரும் உட்கார்ந்து பார்ப்பவர்களும் அல்ல. 2021ஆம் ஆண்டுக்கான நூல் விருது ‘சமயம்’ என்ற புத்தகத்துக்குக் கிடைத்தது. எழுதியவர் பட்டணம் ரஷீத், ஒப்பனைக் கலைஞர். மலையாளத்தில் அந்தச் சொல்லுக்கு ஒப்பனை என்று பொருள். நடிகர்களின் முகங்களில் ஆயுளைக் கழித்தவர் தன் தொழிலைப் பற்றி எழுதிய நூலை எடைபோடச் சினிமா தெரிந்த நடுவர்கள் வேண்டும். இலக்கிய அமைப்பிடம் அனுப்பினால் நடையைப் பார்ப்பார்கள், பசையையும் ஒட்டுத்தாடியையும் யார் பார்ப்பது? எழுத்துக்கென்று தனி நடுவர் குழு வைத்திருப்பது அதனால்தான்.

1965இல் இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும், படங்களைத் திரையிட்டு விவாதிக்கும் சித்ரலேகா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கினார்கள். மாநில விருதுகள் 1969இல் வந்தன. படம் பார்த்துவிட்டு விவாதிப்பதும் அதை எழுதிவைப்பதும் சினிமாவின் ஒரு பகுதியே என்று நினைக்கும் வாசகர் கூட்டம் அங்கே உருவாகியிருந்தது.

குறை இல்லாமல் இல்லை. போட்டிக்கு வந்தவற்றிலிருந்துதான் தேர்வு. அனுப்பும் வழக்கமில்லாத நல்ல கட்டுரையாளர்கள் விடுபடுகிறார்கள். எனவே அதைத் தரப்பட்டியலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பணத்தைப் பற்றியும் கவலை வேண்டாம். எழுதுபவருக்குத் தரும் தொகை நடிகருக்குத் தருவதைவிடக் குறைவு. அதுவும் கேரளத்தார் வரிப்பணம், திருப்பூர்க்காரருடையது அல்ல.