வயலினில் மூன்றாம் காலம் சிதறுவதற்குத் தீர்வு

மெட்ரோனோமை (சீராகத் தட்டு ஒலிக்கும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டிலிருந்து கூட்டாதீர்கள். இரண்டாம் காலம் (இரண்டாவது வேகம்) சுத்தமாக வந்து மூன்றாம் காலத்தில் சரளி வரிசை (ஸரிகமபதநிஸ என்று ஏறி இறங்கும் ஆரம்பப் பாடம்) சிதறுகிறது என்றால், தட்டுக்கு இரண்டு ஸ்வரத்திலிருந்து ஒரேயடியாக நான்குக்குத் தாவுகிறீர்கள், அதாவது நிமிடத்துக்கு 120 ஸ்வரம் திடீரென்று 240 ஆகிறது. நடுவில் திஸ்ரத்தை வையுங்கள், அதே 60-ல் தட்டுக்கு மூன்று.

முதலில் குழப்பும். ஸரிக, மபத, நிஸஸ என்று பிரிவதால் தட்டு ஸ, ம, நி என்று மாறி மாறி விழும், மூன்று முறை வாசித்தால்தான் ஆதி தாளத்தின் இரண்டு ஆவர்த்தனம் (எட்டுத் தட்டுச் சுற்று) முடிந்து தொடக்க ஸ மறுபடி தட்டில் வந்து உட்காரும். அது உட்காரும்வரை நான்கைத் தொட வேண்டாம்.

சிதறக் காரணம் பெரும்பாலும் விரல் இல்லை, ஒரு தட்டின் நான்கு ஸ்வரத்துக்குச் சொல்லும் 'தகதிமி'யில் கடைசி 'திமி' முந்திக்கொண்டு ஓடுவதுதான். (எனக்கு இது பிடிபடவே மாதக்கணக்கானது.) வயலினைக் கீழே வைத்துவிட்டு, தாளம் போட்டபடி வாயால் 'தகதிமி' சொல்லிப் பதிவு செய்து கேளுங்கள். அதிலும் ஓடினால் கையைக் குறை சொல்லிப் பயனில்லை. சொல்வது சரியாக இருந்து வாசிக்கும்போது மட்டும் ஓடினால் வில்லைப் பாருங்கள், நீளமாக இழுக்கிறீர்களா என்று. வேகத்துக்கு ஒரு சாண்கூட வேண்டாம், நாலு விரல்கடை போதும்.

அப்புறம் மெட்ரோனோமை 30-க்கு இறக்கி ஒரு தட்டுக்கு எட்டு ஸ்வரம் வாசியுங்கள், வேகம் அதேதான், ஆனால் ஒளிய இடமிருக்காது.

மணிக்கட்டில் வலி வந்தால் மட்டும் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.